முதலில் செய்தி வேண்டாம்

ஆங்கிலம் புதிதாகப் படிப்பவர்கள் தினமும் ஆங்கிலச் செய்தி கேட்கணும் என்று ஆங்கிலம் கற்பது பற்றிய உங்கள் தொடர் கட்டுரை சொல்கிறது. எனக்கு உடன்பாடு இல்லை. அந்த வேகத்தில் பாதிச் சொல் காதில் நிற்காது. கடையில் விலை கேட்பது, வழி விசாரிப்பது, டாக்டரிடம் வலியைச் சொல்வது போன்ற சின்ன உரையாடல்கள்தான் முதலில் வேண்டும். ஒவ்வொன்றையும் எழுத்தைப் பார்க்காமல் இரண்டு முறை கேளுங்கள், பார்த்து ஒரு முறை, அப்புறம் மறுபடி பார்க்காமல். சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டிப்போவது அப்போதுதான் பிடிபடும். செய்தியேதான் வேண்டுமென்றால், அமெரிக்க அரசு வானொலியான வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா 1959-இல் தொடங்கிய எளிய ஆங்கில ஒலிபரப்பு மாதிரி, சுமார் 1,500 சொற்களுக்குள் நிதானமாக வாசிப்பதைத் தேடிக் கேளுங்கள்.

குமரி மாவட்டத்தில் கேரள எல்லையோரம் இருக்கும் நம் களியக்காவிளை, குழித்துறைப் பக்கம் மலையாள எழுத்தே தெரியாதவர்கள் சரளமாக மலையாளம் பேசுவார்கள். சந்தையிலும் பஸ்ஸிலும் கேட்டுக் கேட்டு வந்தது அது. நர்சிங் முடித்து வெளிநாடு போக நினைக்கும் பிள்ளைகளுக்கும் அந்தக் காதுப் பழக்கம் வேண்டும். அடுத்த பகுதியில் மருத்துவமனை உரையாடல் ஆடியோ ஒன்றாவது சேருங்கள்.