மஞ்சள் குளிசையைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே

மார்பகப் புற்றுநோய்க்காரருக்குக் குமட்டலுக்கு இஞ்சி, வலுவுக்கு மஞ்சள், உடல் சூட்டுக்கு ஹோமியோபதி என்று நான் படித்த இயற்கை வைத்தியக் கட்டுரை ஒன்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டது. மூன்றும் ஒன்றல்ல. இஞ்சிப் பிளேன்டீ எங்கள் திருகோணமலையில் வீட்டுக்கு வீடு உள்ளதுதான். சிலருக்குக் குமட்டல் கொஞ்சம் குறையும், குடிக்கட்டும். மஞ்சளும் கறிக்குப் போடும் அளவென்றால் சரி. ஆனால் மிளகுச் சத்துச் சேர்த்த குர்குமின் (மஞ்சளில் உள்ள சத்து) குளிசை, மார்பகப் புற்றுநோய் மருந்தான தமொக்சிபென் எடுப்பவர்களின் இரத்தத்தில் அந்த மருந்தின் வேலைசெய்யும் வடிவத்தைக் குறைப்பதாக 2019இல் வெளியான நெதர்லாந்து ஆய்வொன்று காட்டியது. கடைகளில் அதைத்தான் 'இயற்கை' என்று விற்கிறார்கள்! ஹோமியோபதி 30சி என்பது நூறில் ஒன்றாக 30 தரம் கரைத்தது, மூலப்பொருள் மிஞ்சாது. அதை நம்பிச் சத்திரசிகிச்சையைத் தள்ளிப்போடுவதுதான் பயம். அம்மாவோ மாமியோ எதை எடுத்தாலும், போத்தலோடு கிளினிக்குக்குக் கொண்டுபோய் டொக்டரிடம் காட்டுங்கள்.