சித்தப்பாவின் காய்ச்சலும் தூங்குகிற கிருமியும்

தூத்தூரில் இருக்கும் என் சித்தப்பா மங்களூருக்குத் தங்கல் தொழிலுக்கு, அதாவது நாள்கணக்கில் கடலிலேயே தங்கி மீன் பிடிக்க, போய் மலேரியாவோடு திரும்பினார். விவாக்ஸ் வகை. 14 நாள் பிரைமாகுயின் கொடுத்தார்கள், மனுஷன் ஐந்தாம் நாள் காய்ச்சல் விட்டதும் மாத்திரை அட்டையை மாதா படத்துக்குப் பின்னால் செருகிவிட்டு அடுத்த தங்கலுக்குக் கிளம்பிவிட்டார். இரண்டு மாதம் கழித்து நடுக்கடலில் மறுபடியும் குளிரும் நடுக்கமும். "இங்க ஏதுடே கொசு?" என்று போனில் என்னிடம் கேட்கிறார்.

கொசுவே வேண்டாம். விவாக்ஸ் கிருமி கல்லீரலுக்குள் தூங்கிக் கிடந்து வாரங்கள், மாதங்கள் கழித்து எழும்பும். அதைக் கொல்லத்தான் அந்த 14 நாள் மாத்திரை.

அப்புறம் ஊருக்கு வந்தவர், "பூனாவில மலேரியா ஊசி செய்யுறாங்களாமே, எனக்குப் போடுவாங்களா?" என்றார். ஆர்21 என்கிற அந்த ஊசியை உலக சுகாதார நிறுவனம் 2023-ல் பரிந்துரைத்தது, உண்மைதான். ஆனால் அது, 2021-ல் வந்த ஆர்டிஎஸ்,எஸ் போலவே, பால்சிபாரம் என்கிற இன்னொரு வகை மலேரியாவுக்கான ஊசி, அதுவும் குழந்தைகளுக்கு. ஆப்பிரிக்காவில் குழந்தைகளைக் கொல்வது பால்சிபாரம்தான் என்பதால் அதற்கு முதலிடம் கொடுத்ததில் எனக்குக் குறையில்லை. விவாக்ஸ் இன்னும் வரிசையில் நிற்பதுதான் எரிச்சல்.

ஊசி செய்ய, கிருமியில் எதைக் குறிவைப்பது என்று தெரிய வேண்டும். பால்சிபாரத்தின் மரபணு வரிசை 2002-லேயே வந்துவிட்டது, சுமார் 5,300 மரபணுக்கள். ஆனால் வீட்டில் என்னென்ன சாமான் இருக்கிறது என்பது வேறு, இப்போது அடுப்பில் என்ன வேகுது என்பது வேறு இல்லையா? எந்த நேரத்தில் எந்த மரபணு வேலை செய்கிறது என்று, வேலை செய்யும் மரபணுவிலிருந்து எடுக்கப்படும் நகலான ஆர்.என்.ஏ-வை வைத்துப் பார்ப்பதுதான் மரபணு வெளிப்பாட்டு ஆய்வு. இந்தக் கிருமியிடம் வார் என்கிற மரபணுக்கள் சுமார் 60 உண்டு, ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் வெளியே காட்டும், நம் உடம்பு அதை அடையாளம் கண்டு அடிக்கத் தொடங்கினால் வேறொன்றுக்கு மாறிக்கொள்ளும், சரியான கள்ளன். கர்ப்பிணிகளின் நஞ்சுக்கொடியில் ஒட்டுகிற கிருமிகளில் எது தூக்கலாக வேலை செய்கிறது என்று தேடித்தான் 2003-ல் வார்2சிஎஸ்ஏ என்கிற வார் மரபணுவைப் பிடித்தார்கள். அதை வைத்துச் செய்த தடுப்பூசிகள் மனிதர்களிடம் சோதனை வரை போயிருக்கின்றன.

விவாக்ஸை, பால்சிபாரத்தைப் போல ஆய்வகத்தில் தொடர்ந்து வளர்க்க முடியாது. நோயாளியின் ரத்தத்திலும் கொஞ்சமாகத்தான் கிடைக்கும், கல்லீரலில் தூங்குகிறவை அதைவிடக் குறைவு. ஆனால் ஒற்றைச் செல்லிலேயே ஆர்.என்.ஏ-வைப் படிக்கிற வசதி இப்போது வந்துவிட்டதே, இனியும் பணத்தை இந்தப் பக்கம் திருப்பாமல் இருப்பதற்கு என்ன சாக்கு? கடலுக்குப் போகிறவன் ஊர் ஊராகச் சுமந்து திரிகிற நோய் இது.

இதையெல்லாம் விளக்கியபோது சித்தப்பா கேட்டார்: "தூங்கினாலும் மூச்சு விடுமில்லியா, அப்பப் பிடிக்க முடியாதா?" தூங்கும்போதும் ஓடிக்கொண்டிருக்கும் மரபணு எது என்றுதான் ஆய்வுக்கூடங்களிலும் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

மறுபடியும் டாக்டரிடம் போய்ப் புது அட்டை வாங்கியாச்சு. இந்த முறை அது சித்தியின் கையில் இருக்கிறது, தினமும் சோறு தின்றதும் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்க்கிறாள்.