இந்திய ராணுவத்தில் கலகமே நடந்ததில்லையா?

“1947-க்குப் பிறகு இந்திய ராணுவத்தில் ஒரு கலகம்கூட நடந்ததில்லை. அதனால்தான் நம் ராணுவச் சட்டத்தில் அதற்குத் தண்டனையே எழுதவில்லை” என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. பெருமையாகத்தான் இருக்கிறது, ஆனால் இரண்டு வரியுமே தவறு.

முதலில் சட்டம். 1950-ஆம் ஆண்டு ராணுவச் சட்டத்தின் 37-ஆவது பிரிவு கலகத்தைப் பற்றியதுதான். அதிகபட்சத் தண்டனை மரணம். கலகம் நடக்கப்போவது தெரிந்தும் மேலதிகாரியிடம் சொல்லாமல் இருப்பதும் அதே பிரிவில் குற்றம். அரசின் ‘இந்தியா கோட்’ இணையதளத்தில் யாரும் படிக்கலாம்.

அப்புறம் வரலாறு. 1984 ஜூனில் சீக்கியர்களின் புனிதத் தலமான அமிர்தசரஸ் பொற்கோயிலுக்குள் இருந்த ஆயுதக் குழுவினரை வெளியேற்ற ராணுவம் நடத்திய ‘ப்ளூ ஸ்டார்’ நடவடிக்கையைக் கேள்விப்பட்டு, சீக்கிய சிப்பாய்களில் ஒரு பகுதியினர் பல இடங்களில் முகாமை விட்டு வெளியேறினார்கள். ராஜஸ்தானின் கங்காநகரில் ஒரு பட்டாலியன். அன்றைய பீகாரில் இருந்த ராம்கரில் சீக்கிய ரெஜிமென்ட் பயிற்சி மையம்; அங்கே தலைமை அதிகாரியான பிரிகேடியரே கொல்லப்பட்டார். லாரிகளில் அமிர்தசரஸ் நோக்கிக் கிளம்பியவர்களை ராணுவமே வழிமறித்தது. பிறகு ராணுவ நீதிமன்ற விசாரணைகளும் நடந்தன. அந்த மாத நாளிதழ்களில் இதெல்லாம் பதிவாகியிருக்கிறது.

சீக்கிய வீரர்களில் மிகப் பெரும்பாலானோர் பணியில்தான் நீடித்தார்கள். இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் இன்னொரு தவறான ஃபார்வர்டு கிளம்பிவிடும்.

அந்தச் செய்தி உங்கள் குழுவுக்கு வந்தால், தயவுசெய்து மேலே அனுப்பாதீர்கள்.