எழுத்துப் பலகை வாசித்தால் விழித்திரை பத்திரமா?

"கண்ணில் மின்னல் வெட்டினாலும் பூச்சி பறந்தாலும் பயமில்லை. கண் முகாமில் எழுத்துப் பலகை வாசித்து, டோர்ச் அடித்துப் பார்த்து நல்லது என்றால் விழித்திரையில் கிழிசல் இல்லை." வன்னியில் வாட்ஸ்அப்பில் சுற்றும் இந்தச் செய்தி பிழை.

கிழிசல் பெரும்பாலும் விழித்திரையின் ஓரத்தில் வரும். நோவு இராது, கடைசி வரியைக்கூட வாசிக்கலாம். துளிமருந்து விட்டுக் கண்மணியை விரித்து, ஓரம்வரை பார்த்தால்தான் தெரியும்.

இன்னொரு அடையாளமும் உண்டு. கண்ணுக்குள் இருக்கும் கூழின் முன்பக்கத்தில் மிதக்கும் பழுப்புத் துகள்கள். கண் வைத்தியர்கள் புகையிலைத் தூள் என்பார்கள். நோயாளி மேலே, கீழே பார்த்து நேரே திரும்பியதும் கூழ் அசையும். அந்தக் கணத்தில் ஸ்லிட் லாம்ப் எனும், கீற்று வெளிச்சம் பாய்ச்சிக் கண்ணைப் பெரிதாக்கிக் காட்டும் கருவியின் வெளிச்சத்தில் தேடவேண்டும். பழகின கண்ணுக்குப் படும், பழக்கமில்லாதவருக்குத் தவறும். ஒரே கண்ணை இருவர் பார்த்து இரண்டு விதமாக எழுதுவதும் நடக்கிறது. அதில் யாரையும் குறைசொல்ல ஒன்றுமில்லை, ஆனால் "தூள் இல்லை" என்பதை மட்டும் நம்பி ஓரம் பார்க்காமல் விடக்கூடாது.

கூழ் விழித்திரையை விட்டுக் கழன்று, புதிதாக மின்னல், பூச்சி என்ற அறிகுறிகளோடு வருபவர்களில் ஏறக்குறைய 7 பேரில் ஒருவருக்குக் கிழிசல் இருக்கிறது. நேரத்தோடு பிடித்தால் பெரும்பாலும் லேசர் போதும். விழித்திரை கழன்றுவிட்டால் சத்திரசிகிச்சைதான். பார்வையில் நிழல் இறங்கினால் அன்றைக்கே புறப்படுங்கள். நல்லது என்று அனுப்பிய பிறகும் பூச்சி கூடினால் திரும்பப் போங்கள்.

ஒட்டுசுட்டானிலிருந்து பெரியாஸ்பத்திரிக்குப் போய்வருவது லேசில்லை, சரி. துளிமருந்து விட்டால் சில மணிநேரம் பார்வை மங்கும், அதனால் மோட்டார் சைக்கிளை ஓட்ட வேறு ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.