திட்டினது ஊர் முன்னால, சமாதானம் காதோடு

லக்னோ ஐபிஎல் கிரிக்கெட் அணியின் அப்போதைய கேப்டன் கே.எல். ராகுலும் அணி முதலாளி சஞ்சீவ் கோயங்காவும் கட்டிப்பிடித்து நிற்கும் போட்டோவைப் போட்டு "பிரச்சினை முடிஞ்சுது, இனி யாரும் பேசாதீங்க" என்று 2024 மே மாதம் நாலு பேர் எழுதினீர்கள். என்ன முடிந்தது? மேட்ச் தோற்றதும் மைதானத்திலேயே ஊரே பார்க்கக் கோயங்கா ராகுலைத் திட்டிவிட்டு, அப்புறம் வீட்டுக்குக் கூப்பிட்டுச் சோறு போட்டால் சரியாகிவிடுமா?

மே 8 அன்று லக்னோ ஆடியது படு மோசம், ஒத்துக்கொள்கிறேன். 166 ரன் இலக்கை ஹைதராபாத் விக்கெட்டே விடாமல் 9.4 ஓவரில் அடித்து முடித்தது, ராகுல் எடுத்தது 33 பந்தில் 29. கேள்வி கேட்க வேண்டிய தோல்விதான். ஆனால் அதற்குத்தானே டிரெஸ்ஸிங் ரூம் இருக்கிறது? கேமரா முன்னால் நிறுத்தி வைத்துக் கையை நீட்டி நீட்டிப் பேசுவது கேள்வி கேட்பது இல்லை.

"7,090 கோடி போட்டு டீம் வாங்கினவருக்கு உரிமை இல்லையா?" உண்டு. கதவைச் சாத்திக்கொண்டு கேட்கட்டும். "17 கோடி வாங்குறவனுக்கு என்ன ரோஷம்?" இதை எழுதியவருக்குப் பதில் சொல்லவே மனசில்லை. சம்பளம் அவர் ஆடுவதற்கு, அவ்வளவுதான்.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்பீர்கள். முன்பு நான் கடன் கொடுக்கும் ஒரு கம்பெனியில் கிளை மேனேஜர். திங்கட்கிழமை ரிவ்யூ கால், 18 கிளைகளும் லைனில். அந்த மாதம் எங்கள் வசூல் குறைந்திருந்தது, என் தப்பும் அதில் இருந்தது. மேலதிகாரி "நீயெல்லாம் எதுக்கு வேலைக்கு வர்ற, வீட்ல சமைச்சுட்டு இருக்கலாமே" என்றார். போன் ஸ்பீக்கரில் இருந்தது. நான் வேலை கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்த பெண் எதிரில் உட்கார்ந்து லெட்ஜரையே பார்த்துக்கொண்டிருந்தாள், நான் சங்கடப்படக் கூடாது என்று.

மாலையில் அவரே கூப்பிட்டார். "டென்ஷன்ல சொல்லிட்டேன்மா, மனசுல வெச்சுக்காத." திட்டைக் கேட்டது 18 கிளை, வருத்தத்தைக் கேட்டது நான் ஒருத்தி. அந்தப் போட்டோவைப் பார்த்ததும் எனக்கு இந்த போன்தான் ஞாபகம் வந்தது. அதிலும் அணைப்புதான் தெரிகிறது, "நான் செஞ்சது தப்பு" என்ற வார்த்தை எங்கே?

2023 ஜூனில் கொல்கத்தாவில் ஒரு தனியார் வங்கி அதிகாரி ஆன்லைன் மீட்டிங்கில் கத்திய வீடியோ பரவியது, உடனே சஸ்பெண்ட் செய்தார்கள். வீடியோ வெளியே வராத மீட்டிங்குகளில் திட்டு வாங்கினவர்கள் யாரிடம் போவது? "நாங்க வாங்காத திட்டா?" என்று பெரியவர்கள் வருவீர்கள். வாங்கினீர்கள், சரி, ராத்திரி தூக்கம் வந்ததா?

எனக்குத் திட்டு விழுந்ததற்கு அடுத்த திங்கட்கிழமை ரிவ்யூ காலில் நான் கேட்டேவிட்டேன்: "சார், அன்னைக்கு சாயந்திரம் என்கிட்ட சொன்னதை இங்கேயும் சொல்லிடுங்க சார்." கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் "நெக்ஸ்ட் பிராஞ்ச்" என்றார்.

அன்று இரவு மற்ற கிளை மேனேஜர்கள் ஆறு பேர் "நல்லா கேட்டீங்க மேடம்" என்று மெசேஜ் அனுப்பினார்கள். ஆறு பேரும் தனித்தனியாக.