விவால்டியைத் திருப்பிக் கொடுத்தவர்கள்

விவால்டியின் 'நான்கு பருவங்கள்' என்ற வயலின் இசையை எந்த ரெக்கார்டிங்கில் கேட்கலாம் என்று யார் கேட்டாலும் நான் முதலில் லூயிஸ் காஃப்மன் 1947-இல் வாசித்ததைத்தான் சொல்வேன். சொன்ன உடனே யாராவது ஒருவர் வந்துவிடுவார், "ஐயோ அதுவா, அது பழைய பாணி, பரோக் இசையை, அதாவது விவால்டி காலத்து இசையை, அப்படி வாசிக்கவே கூடாது" என்று. பல தடவை கேட்டாயிற்று. இன்றைக்கு இதை முழுசாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன், கொஞ்சம் நீளமாகத்தான் போகும்.

அன்டோனியோ விவால்டி 1678 மார்ச் 4-இல் வெனிஸில் பிறந்தார். அப்பா வயலின் கலைஞர். பையன் 1703-இல் பாதிரியார் ஆனார், தலைமுடி செம்பட்டை என்பதால் ஊரே அவரைச் 'சிவப்புப் பாதிரியார்' என்று கூப்பிட்டது. ஆனால் நெஞ்சு இறுக்கம் என்று காரணம் சொல்லி, கொஞ்ச காலத்திலேயே பூசை வைப்பதை நிறுத்திவிட்டார். அதே 1703-இல்தான் பியெத்தா என்ற ஆதரவற்ற குழந்தைகள் இல்லத்தில் வயலின் ஆசிரியராகச் சேர்கிறார். அந்த இல்லத்துப் பெண்கள் கம்பித் தடுப்புக்குப் பின்னால், முகம் தெரியாமல் நின்று வாசிப்பார்கள். அதைக் கேட்க ஐரோப்பா முழுவதிலிருந்தும் ஆள் வரும். விவால்டியின் கன்செர்ட்டோக்களில் (தனி வாத்தியம் வாத்தியக் குழுவோடு சேர்ந்து வாசிக்கிற படைப்புகள்) கணிசமானவை அந்தப் பெண்களின் விரல்களுக்காக எழுதப்பட்டவை. பெற்றவர்கள் விட்டுப்போன குழந்தைகள் வளர்ந்து வாசித்த இசை அது, இதை நினைக்காமல் என்னால் அவரைக் கேட்க முடிவதில்லை.

'ஒரே கன்செர்ட்டோவை நானூறு தடவை எழுதியவர்' என்று அவரைப் பற்றி ஒரு கேலி உண்டு. எனக்கு அதைக் கேட்டால் கோபம் வரும். 1711-இல் ஆம்ஸ்டர்டாமில் அச்சான அவருடைய மூன்றாம் தொகுப்பிலிருந்து கன்செர்ட்டோக்களை எடுத்து, ஆர்கனுக்கும், பியானோவுக்கு முந்தைய ஹார்ப்சிகார்டு என்ற வாத்தியத்துக்கும் மாற்றி எழுதிப் படித்தவர் ஜெர்மன் இசைமேதை பாஹ். நாலு வயலின் கன்செர்ட்டோ ஒன்றை நாலு ஹார்ப்சிகார்டுக்கு மாற்றியிருக்கிறார். பாஹுக்குப் பாடமாக இருந்தது இந்தக் கேலி செய்கிறவர்களுக்குக் குறைச்சலாகத் தெரிகிறது.

கடைசிக் காலம் நன்றாக இல்லை. வெனிஸின் ருசி மாறிவிட்டது. 1737-இல் ஃபெர்ராரா ஊருக்குள் வரவே கூடாது என்று அங்கிருந்த கார்டினல் தடை போட்டார். பூசை வைக்காத பாதிரியார், அன்னா ஜிரோ என்ற பாடகியோடு சிநேகம், இதுதான் குற்றம். அந்த சிநேகத்தில் தப்பில்லை என்றும், நெஞ்சு வலியால்தான் பூசையை விட்டேன் என்றும் அவர் எழுதிய கடிதம் இருக்கிறது. பிறகு வியன்னாவுக்குப் போனார். அவர்மேல் மதிப்பு வைத்திருந்த பேரரசர் ஆறாம் சார்லஸ் 1740 அக்டோபரில் இறந்துவிட, அடுத்த ஜூலை 28-இல் இவரும் போய்ச் சேர்ந்தார். ஏழைகளுக்குச் செய்கிற எளிய அடக்கம். அந்த இடுகாடு இன்றைக்கு இல்லை.

அதற்கப்புறம் கிட்டத்தட்ட இருநூறு வருஷம் பெரும்பாலும் மௌனம். பாஹ் வாழ்க்கை வரலாற்றில் ஒரு அடிக்குறிப்பு மாதிரி அவர் பெயர் வரும். வயலின் கலைஞர் ஃபிரிட்ஸ் க்ரைஸ்லர் தானே ஒரு கன்செர்ட்டோவை எழுதி 'இது விவால்டி' என்று மேடையில் வாசித்தார், ஒருத்தருக்கும் சந்தேகம் வரவில்லை. 1935-இல் அவரே ஒப்புக்கொண்டார். ஒப்பிட்டுப் பார்க்க யாருடைய காதிலும் அசல் விவால்டி இல்லை, அதுதான் விஷயம்.

இனி எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி. 1926-இல் வட இத்தாலியில் சலேசியன் துறவிகள் நடத்திய ஒரு பள்ளி, கட்டட ரிப்பேருக்குப் பணம் வேண்டி, தங்களிடம் கிடந்த பழைய இசைக் கையெழுத்துப் பிரதிகளை விற்க முடிவு செய்து, விலை மதிப்பிடச் சொல்லி டூரின் தேசிய நூலகத்துக்கு அனுப்புகிறது. இசை ஆய்வாளர் அல்பெர்ட்டோ ஜென்டிலி பெட்டிகளைத் திறந்து பார்க்கிறார். பதினாலு தொகுதிகள் விவால்டி! நூலகத்திடம் காசு இல்லை. வியாபாரியிடம் போனால் துண்டு துண்டாகப் பிரித்து விற்றுவிடுவான். கடைசியில் ரொபெர்த்தோ ஃபோவா என்ற செல்வந்தர் வாங்கி நூலகத்துக்குக் கொடுத்தார். இறந்துபோன தன் சின்னஞ்சிறு மகன் மௌரோவின் நினைவாக.

தொகுதிகளைப் புரட்டிய ஜென்டிலிக்கு இது பாதிதான் என்று புரிந்துவிட்டது. மீதிப் பாதி ஜெனோவாவில், துராத்சோ என்ற பழைய பிரபுக் குடும்பத்தின் வாரிசு ஒருவரிடம் இருந்தது. அவர் எளிதில் கொடுக்கிற ஆள் இல்லை, பேசிப் பேசிச் சம்மதிக்க வைக்க 1930 ஆகிவிட்டது. இந்தத் தடவை பணம் கொடுத்தவர் துணி ஆலை முதலாளி ஃபிலிப்போ ஜோர்தானோ. அவரும் ஒரு மகனைப் பறிகொடுத்தவர். அந்தக் குழந்தையின் பெயர் ரென்ஸோ. இரண்டு அப்பாக்களின் துக்கம் சேர்ந்துதான் அந்த இருபத்தேழு தொகுதிகளும் மறுபடி ஒரே கூரைக்குக் கீழே வந்தன. ஜென்டிலியின் கதை இன்னும் வலிக்கும். அவர் யூதர். 1938-இல் முசோலினி அரசின் இனச் சட்டங்கள் வந்தபோது பல்கலைக்கழக வேலை போய்விட்டது. மறு வருஷம் செப்டம்பரில் இத்தாலியின் சியேனாவில் இசையமைப்பாளர் அல்ஃப்ரெடோ கசெல்லா விவால்டி வாரம் நடத்தி, 'குளோரியா' என்ற தேவாலயப் பாடல் உட்படப் பலவற்றை மேடையேற்றியபோது, அந்தப் பெட்டிகளைத் திறந்த மனிதருக்கு அங்கே இடம் இல்லை.

'நான்கு பருவங்கள்' இந்தப் பெட்டிகளிலிருந்து வந்ததல்ல, பருவத்துக்கு ஒன்றாக நாலு வயலின் கன்செர்ட்டோக்கள் கொண்ட அது 1725-லேயே அச்சானது. ஆனால் அச்சில் இருந்து என்ன, வாசிக்க ஆள் வேண்டுமே. 1939-இல் வயலின் கலைஞர் கம்போலி வாசித்த வானொலி ஒலிபரப்பு ஒன்று தட்டில் மிஞ்சியிருக்கிறது. முறையான முதல் இசைத்தட்டு என்றால் வாத்தியக் குழு நடத்துநர் பெர்னார்டினோ மொலினாரி 1942-இல் ரோமில் செத்ரா கம்பெனிக்காகச் செய்ததைத்தான் சொல்வார்கள். ஆறு தட்டுகள், பன்னிரண்டு பக்கங்கள், பக்கத்துக்கு நாலு நிமிஷம் சொச்சம், திருப்பித் திருப்பிப் போட்டுக் கேட்க வேண்டும். வெளியே உலகப் போர். கனமான வாத்தியக் குழு, மொலினாரி தானே திருத்தி அமைத்த வடிவம். இன்றைய காதுக்கு அது பாரமாகத்தான் இருக்கும், அதை நான் மறுக்கவில்லை.

காஃப்மனுக்கு வருகிறேன். ஹாலிவுட் ஸ்டூடியோக்களில் படங்களுக்கு வாசித்துக்கொண்டிருந்த வயலின் கலைஞர் அவர். 1948 ஜனவரி 1 முதல் யாரும் ரெக்கார்டிங்கில் வாசிக்கக் கூடாது என்று அமெரிக்க இசைக் கலைஞர் சங்கம் அறிவித்திருந்தது. ஆகவே 1947 டிசம்பரின் கடைசி இரவுகளில், கார்னகி ஹாலில், நியூயார்க் ஃபில்ஹார்மோனிக் வாத்தியக்காரர்களோடு, ஹென்றி ஸ்வோபோடா நடத்த, அவசர அவசரமாகப் பதிவு செய்தார்கள். 1950-இல் பிரான்ஸின் கிராண்ட் பிரீ து டிஸ்க் என்ற இசைத்தட்டுப் பரிசு கிடைத்தது. அந்த நாலும் உண்மையில் பன்னிரண்டு கன்செர்ட்டோக்கள் உள்ள தொகுப்பின் பகுதி என்று தெரிந்ததும் காஃப்மன் மீதி எட்டையும் தேடிப் பிடித்து அதே 1950-இல் ஜூரிக்கில் வாசித்துவிட்டார். 1955-இல் இத்தாலியின் இ மூசிசி குழு பதிவு செய்தது, அப்புறம் கணக்கில்லாமல் எத்தனையோ பேர்.

சரி, காஃப்மன் வாசிப்பதில் வைப்ரேட்டோ, அதாவது விரலை அசைத்துச் சுரத்தை அதிர வைப்பது, நிறைய, நாதம் தேன் மாதிரி, பரோக் காலத்தில் இப்படி வாசித்திருக்க மாட்டார்கள். 1977-இல் ஹார்னன்கோர்ட் குழு பழைய வாத்தியங்களோடு வாசித்ததைக் கேட்டபோது எனக்கும் ஜன்னல் திறந்த மாதிரிதான் இருந்தது. 'வசந்த'த்தின் இரண்டாம் பகுதியில் வயலினைவிடக் கொஞ்சம் பெரிய வயோலா வாசிக்கும் வரிக்கு மேலே 'குரைக்கிற நாய்' என்று விவால்டியே குறித்திருக்கிறார், எப்போதும் சத்தமாக, வெடுக்கென்று வாசிக்கச் சொல்லி. பழைய தட்டுகளில் அந்த நாய் ரொம்ப மரியாதையான நாய். இப்போதுதான் அது நிஜமாகக் குரைக்கிறது. புதிய பாணி கொடுத்தது கொஞ்சமல்ல, நானும் அதை விரும்பிக் கேட்கிறவன்தான்.

ஆனால் காஃப்மனுக்கு முன்மாதிரி என்று ஏறக்குறைய ஒன்றும் கிடையாது. இந்த இசை எப்படி இருக்கும் என்று காட்ட அவருக்கு யாரும் இல்லை. முதல் தடவை ஒரு கடிதத்தைப் பிரித்து உரக்கப் படிக்கிறவனின் குரல் அந்த வயலினில் இருக்கிறது. ஆயிரமாவது ரெக்கார்டிங் செய்கிறவரிடம், எவ்வளவு சரியாக வாசித்தாலும், அது வராது. தப்பான பாணி என்று ஒதுக்குகிறவர்கள் ஒரே ஒரு தடவை 'குளிர்கால'த்தின் நடுப்பகுதியை மட்டும் போட்டுப் பாருங்கள். வெளியே மழை, துளித்துளியாகத் தந்தியைச் சுண்டுகிறார்கள். உள்ளே ஒருவன் நெருப்பருகில் உட்கார்ந்திருக்கிறான், அவனுக்காக வயலின் பாடுகிறது. பழைய தட்டின் கரகரப்பு அதற்கு மேல் விழும்போது எனக்கு அதுவும் மழையாகவே கேட்கிறது.