ஜானி சேனுக்கு ஹால் ஆஃப் ஃபேமில் இடம் வேண்டும்

பிட்சர் (பந்து எறிபவர்) ஜிம் காட், பேஸ்பால் சாதனையாளர்களைக் கௌரவிக்கும் அமெரிக்காவின் ஹால் ஆஃப் ஃபேமுக்குள் 2022-ல் போனார். மகிழ்ச்சி. ஆனால் அவரைத் தேர்ச்சி பெறவைத்த பிட்சிங் கோச் (பிட்சர்களின் பயிற்சியாளர்) ஜானி சேன் இன்னும் வெளியேதான் நிற்கிறார். அங்கே கோச்சுகளுக்கென்று தனிப் பிரிவே கிடையாது. இது பெரிய அநியாயம்.

சேன் எறிந்த காலத்திலேயே பெரிய ஆள்தான். 1948-ல் பாஸ்டன் பிரேவ்ஸ் அணிக்கு 24 வெற்றிகள் (அணி வென்றால் அந்த வெற்றி ஒரு பிட்சரின் கணக்கில் சேரும்); அந்த ஆண்டு வேர்ல்டு சீரிஸ் எனும் இறுதித் தொடரின் முதல் ஆட்டத்தில் எதிரணிப் பிட்சர் பாப் ஃபெல்லரை 1-0 என வீழ்த்தினார். அவர் வேகத்தை நம்பியவரல்ல, சுழன்று வளைந்து இறங்கும் கர்வ் பால்தான் அவருடைய ஆயுதம். கோச்சான பிறகு அதையே பாடமாக்கினார்.

ஒரு பந்தைத் துளைத்துக் கம்பியில் கோத்து, கையில் கொடுத்துச் சுழற்றச் சொல்வார். கர்வ் பால் கீழே இறங்க, பந்தின் மேல்பக்கம் முன்னோக்கிச் சுழல வேண்டும். மணிக்கட்டு பக்கவாட்டில் திரும்பினால் சுழலும் அச்சு சாய்ந்துவிடும். சுழற்சி குறைந்தாலும் அதே கதிதான். பந்து இறங்காமல் மட்டையாளரின் இடுப்பு உயரத்திலேயே வந்து சேரும், அடுத்து எல்லைக்கு வெளியே பறக்கும் ஹோம் ரன்தான். கம்பியில் சுழற்றும்போது அச்சு எந்தப் பக்கம் சாய்கிறது என்பது கண்ணுக்கே தெரியும். தோளுக்கும் முழங்கைக்கும் துளி வேலை இல்லை.

அந்நாளில் பிட்சர்களை மைதானத்தைச் சுற்றி ஓடவிடுவதுதான் வழக்கம். சேன் அதை ஏற்கவில்லை. பந்தை யாரும் காலால் ஓடிக் கொண்டுபோய் மட்டையாளர் நிற்கும் ஹோம் பிளேட்டில் சேர்ப்பதில்லையே என்பது அவர் வாதம். கை தேற வேண்டுமானால் எறிய வேண்டும்: ஆட்டங்களுக்கு நடுவே, அடிக்கடி, முழு பலம் போடாமல்.

பலன்? அவர் கோச்சாக இருந்த அணிகள்: 1961 முதல் 63 வரை யாங்கீஸ், 65-66-ல் ட்வின்ஸ், 67 முதல் 69 வரை டைகர்ஸ். இந்த எட்டு சீசன்களில் ஒவ்வொன்றிலும் அவருடைய பிட்சர்களில் ஒருவராவது 20 வெற்றிகளைத் தொட்டார். அதுவரை 20-ஐ எட்டாத வைட்டி ஃபோர்டு 1961-ல் 25. டென்னி மெக்லைன் 1968-ல் 31. அதன்பின் இன்றுவரை ஒருவரும் 30-ஐ எட்டவில்லை.

அப்படிப்பட்டவரை எந்த அணியும் நெடுநாள் வைத்துக்கொள்ளவில்லை. அணியை நடத்தும் மேனேஜர் பக்கம் நில்லாமல் பிட்சர்கள் பக்கம் நின்றதே காரணம் என்பேன். 1966-ல் ட்வின்ஸ் அவரை அனுப்பியபோது, அந்த ஆண்டு 25 வெற்றி கண்ட காட் பகிரங்கக் கடிதமே எழுதினார். 1973-ல் அதே அணி காட்டையும் கைவிட்டது. ஒயிட் சாக்ஸ் அணியில் மீண்டும் சேனிடம் வந்து, எறியும் அசைவைச் சுருக்கி வேகப்படுத்திக்கொண்ட காட், 35 வயதில் 21 வெற்றிகளும் அடுத்த ஆண்டு 20-ம் எடுத்தார்.

சேனின் முறை அவரோடு முடியவில்லை. அவரிடம் கற்ற லியோ மசோனி, அட்லாண்டா பிரேவ்ஸில் மேடக்ஸ், கிளாவின், ஸ்மோல்ட்ஸ் ஆகிய மூன்று பிட்சர்களையும் ஆட்டங்களுக்கு நடுவே இரண்டு முறை, பலத்தைக் குறைத்து, ஆட்டத்தில் பிட்சர் நின்று எறியும் மண்மேட்டிலிருந்தே எறியவைத்தார். மூவரும் இன்று ஹால் ஆஃப் ஃபேமில் இருக்கிறார்கள்.